பக் நாய்க்கு மயக்க மருந்து: டொக்டரிடம் எதைக் கேட்பது, எதைச் சொல்வது

கொக்குவிலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பெட்டை பக் நாய். கருத்தடை சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. கனடாவில் இருக்கும் அண்ணா, "பக் இனத்துக்கு மயக்க மருந்து ஒத்துவராது, செத்துப்போகும், அரைமயக்கத்தில் செய்யச் சொல்லு" என்று வட்சப்பில் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னால் டொக்டருக்குக் கோபம் வருமோ, சொல்லாமல் விட்டால் நாய்க்கு ஏதும் ஆகிவிடுமோ என்று இரண்டு பக்கமும் பயம். கேள்வியாக எழுதியிருப்பது "பக் நாய்க்கு எந்த மயக்க மருந்து பாதுகாப்பானது?" என்பதுதான். ஆனால் முழுவதையும் வாசித்தால் அவருக்குத் தெரியவேண்டியது இரண்டு விஷயம்: என் நாயின் இனத்தால் வரும் ஆபத்து உண்மையில் என்ன, அதை டொக்டரோடு எப்படிக் கதைப்பது. அந்த இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, நீண்ட காலமாக யாழ்ப்பாணத்தில் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். உங்கள் நாயை நான் பார்க்கவில்லை. ஆகவே இந்த மருந்து இத்தனை மில்லி என்று எதையும் சொல்லமாட்டேன். பார்க்காமல் அப்படிச் சொல்லுகிற யாரையும் நம்பவும் வேண்டாம்.

முதலில் அண்ணா சொன்ன அரைமயக்கம். மருந்து குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்பது இயல்புதான். பக் போன்ற தட்டை முக நாய்களுக்கு அந்தக் கணக்கு தலைகீழ். இவற்றின் மண்டையோடு குட்டையாகிவிட்டது, ஆனால் உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரம் ஒடுக்கம். மேலண்ணத்தின் பின்பக்கத்துச் சதை நீண்டு, குரல்வளை வாசலில் தொங்குகிறது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகளை இறுக்கிப் பிடித்து, வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, எப்படியோ காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மயக்க மருந்து கொஞ்சமாகப் போனாலும் அந்தத் தசைகள் தளரும். அண்ணச்சதை வழியை மறைக்கும், நாக்கு பின்னால் சரியும். நாய் இன்னும் பலமாக இழுக்கும். இழுக்க இழுக்கத் தொண்டை வீங்கும், வீங்க வீங்க வழி இன்னும் ஒடுங்கும். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் விடுவார்கள். வழியை அது திறந்து வைத்திருக்கும், வாந்தி வந்தாலும் நுரையீரலுக்குள் போகாமல் பெருமளவு தடுக்கும். அரைமயக்கத்தில் அந்தக் குழாயை விட முடியாது, உணர்வு இருக்கிற நாய் இருமித் துப்பிவிடும். அதோடு கருத்தடை என்பது வயிற்றைத் திறந்து செய்கிற வேலை. அரைமயக்கத்தில் நாய் நோவை உணரும், உதறும், இன்னும் மருந்து ஏற்றவேண்டி வரும். ஆகவே "அரைமயக்கத்தில் செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். "மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுச் செய்வீர்களா?" என்று கேளுங்கள். இந்த முழுப் பதிலில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்திருப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பக் நாய்க்குக் கவனமாக மயக்கம் கொடுப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தால் கேள்வி கேட்பது இலகு. ஊசி போடுவதற்கு முன் முகமூடி மூலம் 3 முதல் 5 நிமிடம் ஒட்சிசன் கொடுப்பது நல்லது. குழாய் விடக் கொஞ்சம் பிந்தினாலும் உடம்பில் கையிருப்பு இருக்கும். காலில் இரத்த நாளத்துக்குள் கனுலா போட்டு வைத்திருக்கவேண்டும், அவசரத்தில் நாளம் தேட நேரமிராது. நிறையைப் பார்த்து எடுக்கும் குழாய் இவற்றுக்குப் பெரும்பாலும் பெரிதாகிவிடும், அதனால் சிறிய அளவுகளும் கைவசம் இருக்கவேண்டும். தட்டை முக நாய்களுக்கு இதயத் துடிப்பு சட்டென்று குறையும் இயல்பும் உண்டு, அதற்கு அத்திரோபின் போன்ற மருந்தை ஆயத்தமாக வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், குழாயை எப்போது எடுப்பது என்பது. மற்ற நாய்கள் கொஞ்சம் உணர்வு வந்தவுடனேயே இருமி, குழாயை மென்று துப்பப் பார்க்கும். பக் அப்படியல்ல. தொண்டையில் குழாய் இருக்க, தலையைத் தூக்கி, கண்ணை முழித்து, அமைதியாகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவு தடையில்லாமல் அது முன்பு மூச்சு விட்டதில்லை, அதனால் குழாய் அதற்கு உறுத்துவதில்லை. அந்த நிலையிலும் அவசரப்படாமல், நாய் தானாகவே இனி வேண்டாம் என்று தள்ளும்வரை விட்டுவைப்பதுதான் முறை. குழாயை எடுத்த பிறகும் சிறிது நேரம் மீண்டும் விடுவதற்கு ஆயத்தமாக ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

எல்லா பக் நாயும் ஒரே மாதிரி அல்ல. சிலதுக்கு மூச்சு நன்றாகவே போகும், சிலதுக்கு ஓய்வாக இருக்கும்போதே சிரமம். உங்கள் நாய் எந்தப் பக்கம் என்பதை அறிய டொக்டருக்குக் கிடைப்பது கிளினிக்கில் பத்து நிமிடம்தான், அதுவும் நாய் பயந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பத்து நிமிடம். இரவும் பகலும் அதைப் பார்ப்பவர் நீங்கள். மூக்கைக் கவனியுங்கள்: மூச்சை இழுக்கும்போது மூக்கின் இரு ஓரமும் உள்ளே மடிந்து ஒட்டிக்கொள்கிறதா? நித்திரையில் குறட்டை எவ்வளவு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறதா? சில நாய்கள் படுத்தால் மூச்சு அடைபடும் என்பதால் உட்கார்ந்தபடியே தூங்கி விழும். சிலது தலையை எங்காவது உயர்த்தி வைத்து, அல்லது வாயில் ஒரு பொம்மையைக் கவ்வியபடி தூங்கும். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் வாயைத் திறந்து வைத்திருக்க அது கண்டுபிடித்த வழி அது. சாப்பிட்டபின் உணவோ வெள்ளை நுரையோ திரும்பி வருகிறதா என்பதையும் பாருங்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இத்தகைய நாய்களுக்கு அதிகம். காலைக் குளிரில் ஒரு மூன்று நிமிடம் சுறுசுறுப்பாக நடக்கவிட்டு, நின்றபின் மூச்சு எப்படி, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று போனில் பதிவு செய்யுங்கள். நித்திரையையும் பதிவு செய்யுங்கள், சத்தம் கேட்கும்படி. அந்த இரண்டு வீடியோவும் அண்ணா அனுப்பிய பத்து இணைப்புகளைவிட டொக்டருக்கு உதவும்.

அடுத்தது, "செத்துப்போகும்" என்ற பேச்சு. மயக்கத்தில் நாய்கள் இறப்பதைப் பற்றிய பெரிய ஆய்வுகளில் ஒன்று பிரித்தானியாவில் நடந்து 2008 இல் வெளியானது. 98,000 நாய்களுக்கு மேல் கணக்கெடுத்தார்கள். மொத்தத்தில் இறந்தவை 0.17 வீதம், அதாவது ஏறக்குறைய 600 க்கு ஒன்று. ஆரோக்கியமான நாய்களை மட்டும் எடுத்தால் 0.05 வீதம், 1,850 க்கு ஒன்று என்ற அளவு. நோயோடு வந்தவற்றில் 1.33 வீதம், 75 க்கு ஒன்று. அது அங்குள்ள வசதிகளோடு வந்த கணக்கு, எங்கள் ஊருக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் இரண்டு விஷயத்தை அதிலிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நோயுள்ள உடம்பு ஆபத்தை இருபது மடங்குக்கு மேல் கூட்டுகிறது. இறந்த நாய்களில் கிட்டத்தட்ட அரைவாசி ஒப்பரேஷன் முடிந்த பிறகுதான் இறந்தன, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணித்தியாலத்துக்குள். ஆகவே எந்த ஊசி போடுவார் என்பதைவிட, ஊசிக்கு முன் உடம்பை எப்படிச் சோதிப்பார், ஊசிக்குப் பின் யார் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதுதான் உங்கள் நாயின் உயிருக்கு நெருக்கமான கேள்வி.

வேறு இன நாய் வைத்திருப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். டொபர்மன் இனத்தில் இரத்தம் உறைவதற்குத் தேவையான வான் வில்பிராண்ட் என்ற புரதம் குறைவாக இருப்பது அதிகம். நகம் வெட்டியபோதோ, குட்டியாக இருந்து பல் விழுந்தபோதோ இரத்தம் நிற்க நேரமெடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மேல் உதட்டின் உட்பக்கத்தில் சின்னக் கீறல் போட்டு இரத்தம் நிற்கும் நேரத்தைப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. அதே டொபர்மனுக்கு நடு வயதில் இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோயும் வரும், வெளியே தெரியாமலே இருக்கும். வயதான டொபர்மன் என்றால் ஈசிஜி எடுக்காமல் மயக்கம் கொடுக்கவேண்டாம் என்பது என் கருத்து. கொலி வகை மேய்ப்பு நாய்கள் பலவற்றிலும், அல்சேஷன் நாய்களில் ஒரு சிறு பங்கிலும் எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு குறை இருக்கிறது. மூளைக்குள் மருந்து தேங்காமல் வெளியே தள்ளும் வேலை அவற்றில் சரியாக நடப்பதில்லை. அசெப்ரோமசின், பியூட்டோர்பனோல் ஆகிய மயக்க மருந்துகள் இவற்றுக்கு வழமையைவிட ஆழமாகவும் நீண்ட நேரமும் பிடிக்கும், அளவைக் குறைத்துப் போடவேண்டும். சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டபின் உங்கள் நாய் தள்ளாடியதா, எச்சில் வடித்ததா, கண் தெரியாததுபோல் முட்டி மோதியதா? அப்படியானால் டொக்டரிடம் முதலில் சொல்லவேண்டியது அதுதான். கிறேஹவுண்ட் போன்ற மெலிந்த வேட்டை நாய்கள் தயோபென்டல் ஊசிக்குப் பிறகு எழும்ப நெடுநேரம் எடுக்கும். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதோடு ஈரல் அந்த மருந்தை உடைப்பதும் மெதுவாகத்தான். பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு உடம்புச் சூடும் இரத்தச் சீனியும் வேகமாக இறங்கும். கழுத்துப் பட்டியை இழுத்தால் வறட்டு இருமல் வருகிறதென்றால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம், அதையும் சொல்லுங்கள். ரொட்வைலர் போன்ற பெரிய நாய்களுக்குக் கிலோ கணக்கில் பார்த்தால் மருந்து குறைவாகவே போதும். கொழுத்த லப்ரடோருக்கும் அப்படித்தான், கொழுப்பைக் கழித்துவிட்டு இருக்கவேண்டிய நிறைக்கே கணக்குப் பார்ப்பார்கள். வயதான லப்ரடோரின் குரைப்புச் சத்தம் மாறி, கரகரத்துப் போயிருந்தால் குரல்வளை சரியாகத் திறப்பதில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

இனி, சந்தேகத்துக்கு இடமானவை. பொக்சர் நாய்க்கு அசெப்ரோமசின் போட்டால் மயங்கி விழுந்து இதயத் துடிப்பு குறையும் என்று புத்தகங்களில் எச்சரிக்கை இருக்கிறது. அது சில நாய்களில் கண்டதையும் வைத்தியர்களின் அனுபவத்தையும் வைத்து வந்தது, எல்லா பொக்சருக்கும் பொருந்தும் என்று நிறுவப்பட்டதல்ல. ஆனாலும் மாற்று மருந்து இருக்கும்போது அதைத் தவிர்ப்பதிலோ, மிகக் குறைத்துப் போடுவதிலோ ஒரு நட்டமும் இல்லை, நானும் அப்படித்தான் செய்வேன். தமிழ்நாட்டில் இருந்து வந்த ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு கிறேஹவுண்டுக்குச் சொன்ன எச்சரிக்கை பொருந்துமா என்று பலர் கேட்கிறார்கள். உடலமைப்பைப் பார்த்து அந்த முன்னெச்சரிக்கையை எடுப்பது புத்திசாலித்தனம், ஆனால் கிறேஹவுண்டில் கண்டது இவற்றிலும் அப்படியே இருக்கும் என்று சொன்னால் அது ஊகம். "பக் நாய்க்கு மயக்க மருந்தே ஒவ்வாது" என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தவறு. மருந்தை ஒவ்வாத உடம்பல்ல அது, மூச்சு வழிதான் ஒடுக்கம். "வாயு மயக்கம் நல்லது, ஊசி மயக்கம் கூடாது" என்பதும் அரைகுறை. ஐசோஃபுளுரேன் வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் வசதி, நிறுத்தினால் சீக்கிரம் தெளியும். ஆனால் அதுவும் இரத்த அழுத்தத்தை நன்றாக இறக்கும். பக்கத்தில் நின்று பார்க்க ஆளில்லாத வாயு மயக்கத்தைவிட, ஒருவர் நாடியிலிருந்து கையை எடுக்காமல் நடத்தும் ஊசி மயக்கத்தையே நான் நம்புவேன்.

எங்கள் ஊரில் இனத்தைவிட அதிகம் பயப்படவேண்டியது உண்ணிக் காய்ச்சலுக்கு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் இது அநேகமாக இருக்காது. பபீசியா, எர்லிக்கியா என்ற இரண்டும் உண்ணி மூலம் பரவி, இலங்கை நாய்களில் பரவலாக இருக்கின்றன. பபீசியா சிவப்பு அணுக்களை உடைத்து இரத்தத்தைக் குறைக்கும். எர்லிக்கியா, இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகளைக் குறைக்கும். இரண்டுமே மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். நாய் சாப்பிடும், குரைக்கும், வாலாட்டும். அந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் இரத்தம் நிற்காது, அல்லது ஏற்கெனவே குறைந்த இரத்தத்தோடு மயக்கம் தாங்காது. கருத்தடைக்கு முன் முழு இரத்தப் பரிசோதனை செய்து, சிவப்பு அணு அளவையும் சிறுதட்டு எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்வது வீண் செலவல்ல. வீட்டில் நீங்களே உதட்டைத் தூக்கி முரசின் நிறத்தைப் பாருங்கள், வெளிறியிருக்கிறதா? வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் உண்டா? காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா? இதில் ஏதாவது இருந்தால் நாளைத் தள்ளிப்போட்டு முதலில் அதற்கு வைத்தியம் செய்யவேண்டும். திட்டமிட்டுச் செய்யும் கருத்தடைக்கு அவசரம் கிடையாது. ஆனால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் கதை வேறு. அப்போது இருக்கிற வசதியோடு, உடனே செய்வதுதான் உயிரைக் காக்கும்.

உண்ணியோடு சேர்ந்த இன்னொரு விஷயமும் உண்டு. உண்ணிக்கும் சொறிக்கும் குளிக்க வார்க்கும் அமிட்ராஸ் என்ற மருந்து, மயக்கத்துக்குப் போடும் சைலசின் ஊசி வேலை செய்யும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு அளவுக்கு மீறிக் குறையலாம். சில வீடுகளில் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தையே கரைத்து நாய்க்குப் பூசுகிறார்கள். அது எப்போதுமே ஆபத்து, ஒப்பரேஷன் சமயத்தில் இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் அவற்றில் சில வகை அசெப்ரோமசினோடு சேரக்கூடாது. என்ன பூசினீர்கள், எந்தத் திகதி என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள், போத்தல் இருந்தால் கொண்டுபோங்கள். தோல் அரிப்புக்காக ஸ்டீரொயிட் குளிசை கொடுத்திருந்தால், வலிப்புக்கு மருந்து எடுத்தால், முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்து எழும்பப் பிந்தியிருந்தால், அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது தூமைப்பட்டது என்பதையும் எழுதுங்கள். அந்த நேரத்தில் கர்ப்பப்பைக்கு இரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும். முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதே நல்லது.

சரி, டொக்டரோடு எப்படிக் கதைப்பது? எங்கள் ஆட்களிடம் இரண்டு பழக்கம் இருக்கிறது. ஒன்று, "டொக்டருக்குத் தெரியாததா" என்று வாயே திறக்காமல் நாயைக் கொடுத்துவிட்டு வருவது. மற்றது, வெளிநாட்டுச் சொந்தம் சொன்னதைக் கட்டளைபோல் ஒப்புவிப்பது. இரண்டிலும் டொக்டருக்குத் தேவையான தகவல் கிடைப்பதில்லை. ஒப்பரேஷன் நாளன்று காலையில் ஆட்கள் நெருக்கியடிக்கும்போது இதைக் கேட்காதீர்கள். ஒரு வாரம் முன்னதாக, கூட்டம் குறைந்த நேரம் கேட்டு, நாயோடு போங்கள். மருந்தின் பெயரில் தொடங்காமல் நாயில் தொடங்குங்கள். "டொக்டர், இவள் நித்திரையில சரியான குறட்டை, இருந்தபடியே தூங்கி விழுறாள், வீடியோ எடுத்துக்கொண்டு வந்தனான், மயக்கத்துக்கு முதல் ஒருக்கா பாருங்கோ" என்று சொன்னால் எந்த டொக்டரும் கோபிக்கமாட்டார். அப்புறம் கேட்கலாம்: "குழாய் விட்டுத்தான் செய்வீங்களோ? ஒட்சிசன் இருக்குதோ? நீங்கள் ஒப்பரேஷன் செய்யேக்க மூச்சையும் நாடியையும் ஆர் பாப்பினம்? வடிவா எழும்புமட்டும் ஆராவது பக்கத்தில நிப்பினமோ? போடுற மயக்கத்தை முறிக்க ஊசி உண்டோ?" கடைசிக் கேள்விக்கு விளக்கம் வேண்டும். சைலசின், மெடெற்றோமிடின் போன்றவற்றை முறிக்க மருந்து உண்டு, கெற்றமினுக்கும் அசெப்ரோமசினுக்கும் கிடையாது. முறிக்க முடியாத மருந்து கூடாது என்று இதற்கு அர்த்தமல்ல, எல்லாவற்றையும் சேர்த்து யோசித்துத்தான் டொக்டர் தெரிவு செய்வார். ஆனால் அவர் யோசித்து வைத்திருக்கிறாரா என்பது பதிலில் உங்களுக்கு விளங்கும். "பக் என்றபடியால் இதை இப்படிச் செய்யப்போறன்" என்று ஒரு வசனமாவது வந்தால் நல்ல அடையாளம்.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் என்ன செய்வது? எல்லாக் கிளினிக்கிலும் எல்லா வசதியும் இருக்காது, அதை மறைக்கவேண்டியதுமில்லை. ஆரோக்கியமான ஊர் நாய்களுக்கு ஊசி மயக்கத்தில் கருத்தடை செய்வது நாடெங்கும் நடக்கும் நல்ல வேலை, விசர்நாய்க்கடியைக் கட்டுப்படுத்தும் முயற்சிக்கும் அது துணை. ஆனால் ஒரு நாளில் பல நாய்களுக்குச் செய்யும் முகாம்கள் நீண்ட மூக்கு நாய்களுக்கு ஏற்ப அமைந்தவை. மூச்சுச் சிரமம் உள்ள பக் நாயை அங்கே கொண்டுபோகாதீர்கள். குழாயும் ஒட்சிசனும் இல்லாத இடத்தில் உங்கள் நாய்க்கு மயக்கம் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். "இந்த வசதி உள்ள ஆரிட்ட அனுப்புவீங்கள் டொக்டர்?" என்று அவரிடமே கேளுங்கள், நல்ல வைத்தியர் அதை அவமானமாக எடுக்கமாட்டார். மூச்சுச் சிரமம் அதிகமான நாய் என்றால் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதைப் பற்றியும் கதைக்கலாம். ஆனால் ஏ9 வீதியில் பகல் வெக்கையில் பக் நாயைக் கொண்டுபோவதே ஒரு ஆபத்து. குளிரூட்டிய வாகனம் இல்லாமல் புறப்படவேண்டாம்.

வெக்கை என்பது இங்கே சின்ன விஷயமல்ல. நாய்க்கு உடம்புச் சூட்டை வெளியேற்ற முக்கிய வழி நாக்கை நீட்டி மூச்சு வாங்குவதுதான், பக் நாய்க்கு அந்த வழியே பழுது. முடிந்தால் சித்திரை, வைகாசியைத் தவிருங்கள். எந்த மாதம் என்றாலும் காலையில் முதல் ஆளாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், தெளிந்து எழும்ப முழுப் பகலும் கிடைக்கும், ஏதும் நடந்தாலும் டொக்டர் அங்கேயே இருப்பார். உணவு எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை அவரே சொல்வார். தட்டை முக நாய்களுக்குப் பொதுவாக 6 முதல் 12 மணித்தியாலம் வரை, தண்ணீரை அவ்வளவு முன்னதாக நிறுத்தத் தேவையில்லை. வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாக அம்மம்மாவுக்கு, இதைச் சொல்லிவையுங்கள். "பாவம், பசியில பாக்குது" என்று விடியவெள்ளன ஒரு பிஸ்கட்டைப் பால்தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பது எங்கள் வீடுகளில் நடக்கிற காரியம். கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். சொன்னால் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஓட்டோவில் கொண்டுபோவதென்றால் கழுத்துப் பட்டி போடாமல் நெஞ்சுப் பட்டி போடுங்கள்.

ஒப்பரேஷன் முடிந்ததும் உடனே வீட்டுக்குக் கொண்டுபோக அவசரப்படாதீர்கள். நான் முன்பு சொன்ன அந்த மூன்று மணித்தியாலமும் கிளினிக்கிலேயே கழியட்டும். நாய் தானாக எழும்பி, தடுமாறாமல் நடந்தபின் கூட்டிவாருங்கள். வீட்டில் குளிர்மையான இடத்தில், நெஞ்சு நிலத்தில் படும்படி, கழுத்தை நீட்டிப் படுக்கவிடுங்கள். பக்கவாட்டில் சரிந்து, தலை மடிந்து கிடக்க விடவேண்டாம். முழு நினைவு வரும்வரை தண்ணீரோ சோறோ வாயில் ஊற்றக்கூடாது. அன்றிரவு ஒருவர் பக்கத்தில் படுப்பது நல்லது. குறட்டை வழமையைவிடக் கூடி, மூச்சை இழுக்க வயிறு உள்ளே போய் வந்தால், அல்லது நாக்கு நாவற்பழம் தின்றதுபோல நிறம் மாறினால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள், உடனே அழையுங்கள். அதற்காக, இரவில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று நாயை எடுக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஓரிரு நாளில் காய்ச்சலும் இருமலும் வந்தால் வயிற்றில் இருந்து திரும்பியது நுரையீரலுக்குள் போயிருக்கலாம், அதையும் காட்டவேண்டும்.

இன்னொன்று. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனையாம் இலக்கக் குழாய், எழும்ப எவ்வளவு நேரம் எடுத்தது, இடையில் துடிப்புக் குறைந்ததா என்று டொக்டரிடம் கேட்டுத் தடுப்பூசிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். பக் நாய்க்குப் பின்னாளில் கண்ணிலோ பல்லிலோ பிரச்சினை வந்து மறுபடி மயக்கம் தேவைப்பட வாய்ப்பு அதிகம். அப்போது வேறொரு டொக்டராக இருந்தாலும், இந்த இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதைப் பார்க்காமல் உங்கள் நாயைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தே தொடங்குவார்.